ரீவி பார்க்கும்போது கொறிப்பதை நிறுத்த வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். இரவு நாடகம் தொடங்கினால் மடியில் கச்சான் பை வந்துவிடும். பசியில்லை, சாப்பிட்டு அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. விளம்பரம் போகும்போது குனிந்து பார்த்தால் பைக்குள் உப்பும் தோலும்தான் மிச்சம். 100 கிராம் வறுத்த கச்சானில் ஏறக்குறைய 580 கலோரி என்று அறிந்ததும் பயந்துவிட்டேன். அம்மாவுக்கு சீனி வருத்தம், எனக்கும் வந்துவிடுமோ என்று கவலை.

கிண்ணத்தில் அளந்து எடுத்துப் பார்த்தேன். எழும்பிப் போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வருகிறேன். சரி, வாங்காமலே விடலாம் என்றால் பிள்ளைகளுக்குப் பின்னேரம் ஏதாவது வேண்டும். கைக்கு வேறு வேலை கொடுத்தால் சரிவருமா? வெறும் தேத்தண்ணி குடித்தால் அந்த ஆசை அடங்குமா?

இந்தப் பழக்கத்தை விட்ட அக்காமார், அண்ணாமார் யாரும் இருந்தால், முதல் கிழமையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கோ.