மறு: ‘ஓப்பன் ஹால்’ – ‘திறந்த கூடம்’ வேண்டாம்

> ஆல்ஃபிரிஸ்டன் குருமனையின் நடுப்பகுதியைத் ‘திறந்த கூடம்’ என்றே எழுதிவிடலாமா?

வேண்டாம் ஐயா. ஆங்கிலக் கட்டடச் சொல்லான ‘ஓப்பன் ஹால்’ (open hall) என்பதற்கு அந்தத் தமிழ்ப்பெயர் சரிவராது. ‘திறந்த கூடம்’ என்றதும் நம்மவர் கண்முன் முற்றம்தான் வந்து நிற்கும். வானம் தெரியும், மழை விழும். இங்கிலாந்தின் சசெக்ஸில் பாதிரியார்கள் குடியிருந்த அந்தப் பழைய வீட்டிலோ கூடத்தின்மேல் கனத்த வைக்கோல் கூரை இருக்கிறது. தரைக்கும் கூரைக்கும் நடுவே மச்சு இல்லை, அவ்வளவுதான்.

மச்சு ஏன் இல்லை என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கும். 14ஆம் நூற்றாண்டில் இவ்வகை வீடுகளுக்குப் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் தரையிலேயே தீ மூட்டினார்கள். புகை மேலேறிக் கூரை இடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறியது. மச்சு போட்டிருந்தால் மேலே படுப்பவர் மூச்சுத் திணறிப்போவார். ஆகவே இரு முனைகளில் மட்டும் கீழும் மேலுமாக அறைகள். நடுவில் முகடு வரை வெற்றிடம். 16ஆம் நூற்றாண்டில் புகைபோக்கி பரவியதும், பெரும்பாலான கூடங்களில் இடைத்தளம் போட்டுவிட்டார்கள். இன்றும் கென்ட், சசெக்ஸ் பக்கத்துப் பழைய வீடுகளில் ஆய்வாளர்கள் பரணில் ஏறிக் கைமரங்களைப் பார்ப்பது இதனால்தான். அவற்றில் பழம்புகைக்கரி அப்பியிருந்தால், கீழே ஒரு காலத்தில் இத்தகைய கூடம் இருந்திருக்கிறது.

என் முன்மொழிவு ‘முகட்டுக்கூடம்’. சென்ற மடலில் வந்த ‘உயர்கூடம்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரண்மனை மண்டபத்துக்கும் அது பொருந்தும். 1896இல், பழைமையைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பத்துப் பவுண்டுக்கு வாங்கிய இந்த வீட்டுக்கு அது கொஞ்சம் அதிகம்! (அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடமே இதுதான்.)

‘குருமனை’ கிறிஸ்தவ சபைகளில் வழங்கும் சொல், மறுப்பில்லை. தரையைச் ‘சீமைச்சுண்ணாம்புத் தரை’ என்று முழுதாகவே எழுதுங்கள். சீமைச்சுண்ணாம்பை நொறுக்கி இறுக்கி, புளித்த பாலை ஊற்றிக் கெட்டிப்படுத்திய தரை அது. வெறும் ‘சுண்ணாம்புத் தரை’ என்றால் நீற்றிய சுண்ணாம்பு என்று எண்ணிவிடுவார்கள்.

இனி ‘ஜெட்டி’ (jetty). இந்தக் குருமனையைப் போன்ற வீல்டன் வகை (தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்டு வட்டாரப் பாணி) வீடுகளில் முனையறைகளின் மேல்தளம் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னே துருத்தி நிற்கும். தளத்தின் குறுக்குச் சட்டங்களே வெளியே நீண்டு மேற்சுவரைத் தாங்குவதால் ‘தொங்குமாடி’ பொருந்தாது. ‘துருத்துமாடி’ எப்படி? வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். அகராதியைப் புரட்டிப் ‘படகுத்துறை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.