முகம் காட்டாமல் வந்த குரல்

'தாத்தா வீடு' குழு, ஞாயிறு மாலை

சின்ன அத்தை: டல்லாஸ் தம்பி, நீ ஸ்டேட்டஸில் வைத்திருக்கிற இங்கிலீஷ் பாட்டு யாருடையது? ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் குரல் என்னமோ பண்ணுகிறது. மாமா திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்.

டல்லாஸ் சித்தப்பா: சார்லி பிரைட், அக்கா. அமெரிக்கக் கிராமத்து இசையான கண்ட்ரி மியூசிக் பாடகர். கடைசிவரை எங்கள் டல்லாஸில்தான் இருந்தார்.

சின்ன அத்தை: தொப்பி, பூட்ஸ், குதிரை வகையறாவா? பெரிய மீசை வைத்த வெள்ளைக்காரராக இருப்பார் என்கிறார் மாமா.

டல்லாஸ் சித்தப்பா: மாமாவிடம் சொல்லுங்கள், 1966-இல் அமெரிக்காவே அப்படித்தான் நினைத்தது.

(புகைப்படம்)

சின்ன அத்தை: அட! கறுப்பினத்தவரா!

தம்பி: சித்தப்பா, இவர் பேஸ்பால் ஆளுமா? கையில் மட்டையோடு ஒரு படம் வருகிறது.

டல்லாஸ் சித்தப்பா: அதுதான்டா அவருடைய முதல் கனவு. மிசிசிப்பியில் ஸ்லெட்ஜ் என்று ஒரு ஊர். அங்கே 1934-இல் பிறந்தார். வீட்டில் 11 பிள்ளைகள். அப்பா குத்தகை நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பருத்தி விவசாயம் செய்தவர். வயலில் பருத்தி எடுத்தே வாழ்க்கை போய்விடக் கூடாது, பேஸ்பால்தான் வெளியே போக வழி என்று நினைத்தார். கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த லீகில் மெம்பிஸ் ரெட் சாக்ஸ் அணிக்குப் பந்து வீசினார். ஒரு கட்டத்தில் இவரையும் இன்னொரு ஆட்டக்காரரையும் வேறு அணிக்கு விற்றார்கள். என்ன விலைக்குத் தெரியுமா? ஒரு பழைய பஸ்ஸுக்கு.

தம்பி: என்னது?

டல்லாஸ் சித்தப்பா: அணி ஊர் ஊராகப் போக பஸ் வேண்டுமே. அவரே சிரித்துக்கொண்டு சொல்லும் கதை.

தம்பி: ஐபிஎல் ஏலத்தில்கூட இப்படி நடக்கவில்லை.

அக்கா: கறுப்பினக் குடும்பத்தில் வளர்ந்தவருக்குக் கண்ட்ரி பாட்டு எப்படிப் பிடித்தது? அங்கே கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை அல்லவா கேட்டிருப்பார்கள்?

டல்லாஸ் சித்தப்பா: அப்பாவிடம் ஒரு ஃபில்கோ ரேடியோ. சனிக்கிழமை இரவானால் கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லிலிருந்து வரும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியை வைப்பாராம். பையனும் கூட உட்கார்ந்து கேட்டு அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம். 14 வயதில் சொந்தமாக ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டார். சரி, பேஸ்பாலும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. ராணுவத்துக்குப் போய்விட்டு வந்து, 1960 வாக்கில் மொன்டானாவுக்குப் போனார். அங்கே ஈயம் உருக்கும் ஆலையில் வேலை. ஆலைக்கு ஒரு பேஸ்பால் அணி உண்டு, அதிலும் ஆடினார். ஆட்டத்துக்கு முன்னால் கால் மணி நேரம் பாடினால் 10 டாலர் கூடுதல். ராத்திரியில் பார்களில் பாடுவார், விடிந்தால் உலைக்குப் போவார்.

பெரியப்பா: (படம்: ரோஜாப்பூவுடன் 'இனிய காலை வணக்கம்')

சின்ன அத்தை: அண்ணா, மணி ஆறரை. சாயங்காலம்.

பெரியப்பா: காலையில் அனுப்பியதுதான். நெட் இப்போதுதான் வந்தது. நீங்கள் பேசுங்கள், நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

டல்லாஸ் சித்தப்பா: அண்ணா, அவருடைய மிகப் பெரிய ஹிட்டே 'கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னின்' தான். 1971. உங்களுக்காகவே பாடியது போல இருக்கும்.

அக்கா: சித்தப்பா, 1966 கதைக்கு வாருங்கள். அமெரிக்காவே வெள்ளைக்காரர் என்று நினைத்தது என்றால் எப்படி?

டல்லாஸ் சித்தப்பா: 1963-இல் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் பயிற்சி முகாமுக்குப் போய்ப் பார்த்தார். எடுக்கவில்லை. திரும்பும் வழியில் நாஷ்வில்லில் இறங்கினார். அங்கே ஜாக் ஜான்சன் என்பவர் இவர் பாட்டைக் கேட்டு மேனேஜராகச் சேர்ந்தார். அப்புறமும் உடனே எதுவும் நடக்கவில்லை. 1965-இல்தான் இவர் பாடிய டேப் ஆர்சிஏ இசைத்தட்டுக் கம்பெனியின் செட் அட்கின்ஸ் கைக்குப் போனது. கிட்டார் மேதை, நாஷ்வில்லில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருக்குக் குரல் பிடித்துவிட்டது. 1966 ஜனவரியில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. வழக்கமாகப் புதுப் பாடகர் என்றால் தட்டோடு புகைப்படமும் ரேடியோ நிலையங்களுக்குப் போகும். இவருக்கு மட்டும் படம் அனுப்பவில்லை.

அக்கா: மறைத்துவிட்டார்கள்.

டல்லாஸ் சித்தப்பா: ஆமாம். அந்த நேரத்தை யோசித்துப் பார். கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமையை உறுதி செய்த சட்டம் வந்தே ஒரு வருடம் ஆகவில்லை. தென் மாநில ரேடியோக்காரர்கள் முகத்தைப் பார்த்தால் தட்டைத் திருப்பி அனுப்புவார்கள் என்று பயந்தார்கள். குரல் முதலில் போய் உட்காரட்டும், முகம் பிறகு வரட்டும் என்று கணக்கு.

சின்ன அத்தை: மேடையில் ஏறினால் தெரிந்துவிடுமே?

டல்லாஸ் சித்தப்பா: அங்கேதான் கதையே. அதே வருடம் டெட்ராய்டில் பெரிய கச்சேரி. பேரைச் சொன்னதும் பலத்த கைதட்டல். இவர் வெளியே வந்து நின்றதும் கைதட்டல் அப்படியே அடங்கிப் போனது. முழு அரங்கும் சத்தமில்லை. வெள்ளைக்காரர்கள் வெயிலில் படுத்து மேனியைக் கறுக்க வைத்துக்கொள்வார்கள் அல்லவா, 'எனக்கு அந்த நிறம் நிரந்தரம்' என்கிற மாதிரி ஒரு ஜோக் அடித்தார். கூட்டம் சிரித்துவிட்டது. பிறகு பாடினார். முடிந்ததும் கையெழுத்துக்கு வரிசை.

சின்ன அத்தை: சாமர்த்தியம்!

அக்கா: எனக்கு அது சாமர்த்தியமாகப் படவில்லை அத்தை. காசு கொடுத்து வந்தவர்கள் முகத்தைப் பார்த்து அடங்கிப் போகிறார்கள். அவர்களுடைய சங்கடத்தைத் தீர்க்கும் வேலையும் இவர் தலையில்தானா? தன் நிறத்தையே கேலி செய்து காட்ட வேண்டியிருக்கிறது.

டல்லாஸ் சித்தப்பா: வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்? பிரசங்கம் பண்ணியிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார். நிறத்தைப் பற்றியே கேட்டால் அவருக்குப் பிடிக்காது. நான் சார்லி பிரைட், பாடகன், அவ்வளவுதான் என்பார்.

அக்கா: அவர் அப்படிச் சொன்னது அவர் உரிமை. நாம் அதைக் கேட்டு 'ஆகா, எவ்வளவு பெருந்தன்மை' என்று நிம்மதியாகிவிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

பெரியப்பா: இரண்டு பேர் சொல்வதும் சரி.

அக்கா: பெரியப்பா, நீங்கள் எப்போதும் இதையே சொல்கிறீர்கள்.

தம்பி: மொத்தம் எத்தனை ஹிட்?

டல்லாஸ் சித்தப்பா: பில்போர்டு பத்திரிகையின் கண்ட்ரி பாடல் வரிசையில் முதலிடம் மட்டும் 29 தடவை. 1971-இல் கண்ட்ரி இசைச் சங்கத்தின் உச்ச விருது. எழுபதுகளில் ஆர்சிஏவில் எல்விஸ் பிரெஸ்லிக்கு அடுத்து அதிகம் விற்றது இவர் தட்டுகள்தான். இன்னொன்று, 1972 விருது விழாவில் பரிசு கொடுக்க வந்தவர் லோரெட்டா லின், வெள்ளைக்காரக் கண்ட்ரி பாடகி. சார்லி ஜெயித்தால் கட்டிப்பிடிக்காதே, தள்ளி நில் என்று முன்கூட்டியே எச்சரித்தார்களாம். அந்த அம்மா மேடையிலேயே கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டார். பின்னாளில் அவரே சொன்னது.

அக்கா: பாருங்கள். பாட்டு முதலிடத்துக்கு வந்த பிறகும் தள்ளி நிற்கத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

சின்ன அத்தை: அந்த அம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது.

டல்லாஸ் சித்தப்பா: எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது பெல்ஃபாஸ்ட் நகரக் கச்சேரி. 1976-இல் வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் சண்டை, குண்டுவெடிப்பு. முந்தின வருடம்தான் ஓர் இசைக்குழுவையே வழிமறித்துச் சுட்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பாடகர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இவர் போய்ப் பாடினார். 'கிரிஸ்டல் ஷாண்டிலியர்ஸ்' என்ற பாட்டை இரண்டு தரப்பும் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் அது தனி ஹிட்டே இல்லை.

அக்கா: இது எனக்கும் பிடித்திருக்கிறது. மறுக்கவில்லை. 1994-இல் வந்த சுயசரிதையில் தன் மனநோயைப் பற்றி வெளிப்படையாக எழுதியிருக்கிறாரே, அதையும் நீங்கள் சொல்லவில்லை.

டல்லாஸ் சித்தப்பா: அதற்கும் நிறப் பிரச்சினைக்கும் முடிச்சுப் போடாதே.

அக்கா: போடவில்லை. சிரித்த முகத்தை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

சின்ன அத்தை: இப்போது இருக்கிறாரா?

டல்லாஸ் சித்தப்பா: இல்லை அக்கா. 2020 டிசம்பர் 12, கோவிட். 86 வயது. ஒரு மாதம் முன்னால்தான் நாஷ்வில்லில் வாழ்நாள் சாதனை விருது வாங்கி மேடையில் பாடினார்.

சின்ன அத்தை: அந்த விழாவில்தான் ஒட்டியிருக்கும்! அந்த வயதில் ஏன் கூப்பிட்டார்கள்?

தம்பி: அத்தை, பலர் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் போகும்போதும் வந்த பிறகும் செய்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று விழாக்காரர்களும் அவர் தரப்பும் சொன்னார்கள். இப்போதுதான் படித்தேன்.

அக்கா: சித்தப்பா, 'ஆப்ரி'யில் பாடிய முதல் கறுப்பினத்தவர் இவர்தானா?

டல்லாஸ் சித்தப்பா: இல்லை. இவர் 1967 ஜனவரியில்தான் அங்கே ஏறினார். 1920-களிலேயே அங்கே டீஃபோர்ட் பெய்லி என்று ஒரு கறுப்பினக் கலைஞர் இருந்தார். மவுத் ஆர்கனில் ரயில் ஓடுவதை அப்படியே வாசிப்பார். 1941-இல் நீக்கிவிட்டார்கள். பிறகு நாஷ்வில்லிலேயே ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார்.

அக்கா: அவருக்கு மரியாதை எப்போது வந்தது?

டல்லாஸ் சித்தப்பா: 1982-இல் இறந்தார். கண்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் 2005-இல் சேர்த்தார்கள். சார்லிக்கு 2000-இல் கிடைத்தது.

அக்கா: இருபத்து மூன்று வருடம் கழித்து. ஜோக் அடித்துச் சிரிக்க வைக்காதவருக்கு இதுதான் நிலைமை என்றால், சார்லி ஏன் சிரித்தார் என்று எனக்குப் புரிகிறது. கோபம் மட்டும் போகவில்லை.

சின்ன அத்தை: மவுத் ஆர்கனில் ரயிலா? அதையும் அனுப்பு தம்பி. மாமா ஹெட்செட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.