மாங்குவெல் போய்வந்த கதை: ஒரு திருத்தத்தோடு புதுப்பிப்பு

இங்கிலாந்தில் வாலிங்ஃபோர்டு அருகே, மாங்குவெல் என்ற ஊரில், தேம்ஸ் ஆற்றங்கரையில் பாழடைந்து கிடக்கும் கார்மல் கல்லூரி பற்றி முன்பு எழுதியபோது, அங்குள்ள கான்கிரீட் பிரமிடுதான் யூதர்களின் தொழுகைக்கூடம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். தப்பு. அது கட்டடக் கலைஞர் பேசில் ஸ்பென்ஸ் வடிவமைத்த கலைக்கூடம், அடியில் படகுத்துறை. தொழுகைக்கூடம் தனிக் கட்டடம், கலைஞர் நெகேமியா அசாஸ் செய்த வண்ணக் கண்ணாடிகள் கொண்டது.

இந்த முறை காவலாளியிடம் கேட்டுக்கொண்டு வளாகத்துக்குள் போனேன். "கூரை உள்ள எதற்குள்ளும் போகாதீர்கள்" என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதனால் கண்ணாடிகளை வெளியிலிருந்துதான் பார்த்தேன். வெளிப்பக்கத்தில் வெறும் கருப்பாகத்தான் தெரிகின்றன. பிரமிடின் சரிவில் கைவைத்தால் பாசி ஈரத்துணி மாதிரி நசுங்குகிறது. படிக்கட்டின் விரிசலில் ஒரு செடி இடுப்புயரம் வளர்ந்திருக்கிறது.

பெயர்தான் கல்லூரி; யூத மதகுரு (ரபி) கோப்புல் ரோசன் 1948இல் தொடங்கிய யூத உறைவிடப் பள்ளி இது. 1953இல் இங்கே வந்தது, 1997இல் மூடப்பட்டது. கலைக்கூடமும் தொழுகைக்கூடமும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருந்து என்ன, பாசிக்குத் தெரியவா போகிறது?

அப்புறம், படம் கேட்டவர்களுக்கு: மழையில் நான்குதான் தேறின. நாளை போடுகிறேன்.