கால்பந்துத் திறமை அதிகம் விளையும் பகுதிகள் எவை? மதுரைப் பக்கம் ஏன் குறைவு?

வைகைக்கரை:
உலகத்திலும் சரி, நம்ம நாட்டிலும் சரி, நல்ல கால்பந்து ஆட்டக்காரர்கள் சில இடங்களிலிருந்தே திரும்பத் திரும்ப வருகிறார்கள். அந்த இடங்கள் எவை, காரணம் என்ன? உடல்வாகா, மைதானமா, பயிற்சியா? மதுரை, மேலூர், திண்டுக்கல் பக்கம் பத்து வயதுப் பிள்ளைகளை வைத்து வேலை செய்பவர்கள் அங்கிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

தெற்குமாசி:
எந்த நாட்டுச் சட்டை என்று பார்த்தால் கணக்கு தப்பிவிடும். 2022 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை வந்த மொராக்கோ அணியில் 26 பேருக்கு 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அந்த அணியின் ஹக்கீமி பிறந்தது மாட்ரிட்டில். ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரை ஒருவர் எந்த ஊரில் ஆடினார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அப்படிப் பார்த்தால் பாரிஸ் புறநகரை மிஞ்ச இடம் குறைவு. எம்பாப்பே போண்டிக்காரர். அல்ஜீரியாவுக்கு ஆடிய மஹ்ரேஸ் பிறந்தது சார்செலில். போக்பா, கான்ட்டே எல்லாம் அதே வட்டாரம். ஒவ்வொரு பேட்டையிலும் நகராட்சி மைதானம், அதில் ஒரு கிளப். அதற்கு மேலேதான் பிரான்ஸ் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சி மையமான கிளேர்ஃபோன்டைன். 1988-இல் தொடங்கியது. 13 முதல் 15 வயது வரை இரண்டு வருடப் பயிற்சி. திங்கள் முதல் வெள்ளி வரை பையன் அங்கே தங்குவான், வார இறுதியில் சொந்த கிளப்புக்குத் திரும்பிப்போய் மேட்ச் ஆடுவான். நம்ம ஊர் அகாடமிகள் இந்தக் கடைசி விஷயத்தை அவசியம் கவனிக்க வேண்டும்.

எண்ணிக்கையில் பிரேசில் முதலிடம். ஆனால் அங்கே மக்கள்தொகை 20 கோடிக்கு மேல். தலைக்கணக்கில் எனக்கு உருகுவேதான் முதல். ஏறக்குறைய 35 லட்சம் பேர், 1930, 1950 என்று இரண்டு உலகக் கோப்பை. ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வரை பிள்ளைகளுக்குத் தனி லீக், பேட்டைக்குப் பேட்டை கிளப். 2011 கணக்குப்படி மதுரை மாவட்டத்தில் மட்டும் 30 லட்சம் பேர். ஆள் இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

தெப்பக்குளம்:
நம்ம நாட்டுக்கு வருவோம். 2017-இல் இங்கே நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்திய அணியின் 21 பேரில் 8 பேர் மணிப்பூர். ஃபிஃபா உலகக் கோப்பைப் போட்டிகளில் இந்தியாவின் முதல் கோலைக் கொலம்பியாவுக்கு எதிராகப் போட்ட ஜீக்சன் சிங்கும் அந்த ஊர்தான். மிசோரம் இன்னும் சின்னது. 2011-இல் 11 லட்சம் பேர், மதுரை மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். 2014-இல் மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி, 2017-இல் ஐஸால் அணிக்குத் தேசிய கிளப் போட்டியான ஐ-லீக். மலப்புறத்தில் அறுவடை முடிந்த வயலில் கேலரி கட்டி, விளக்குப் போட்டுச் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் போட்டி, நடத்துகிறார்கள். அனஸ் எடத்தொடிக்கா, ஆஷிக் குருணியன் இரண்டு பேரும் அந்த மாவட்டம்.

தமிழ்நாட்டில் எனக்குத் தெரிய இரண்டு ஊற்று. ஒன்று வடசென்னை வியாசர்பாடி, தனபால் கணேஷ் வந்த இடம். இன்னொன்று கன்னியாகுமரி மேற்குக் கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை. மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறை. இரண்டிலும் வசதி பெரிதாக ஒன்றும் கிடையாது. பெரிய பையன்கள் ஆடும்போது சின்னவன் ஓரத்தில் நின்று, ஆள் குறையும்போது உள்ளே போகிறான். தன்னைவிட மூன்று வயது மூத்தவனிடம் உடம்பால் மோத முடியாது என்பதால் பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்த்து, ஒரே தொடுதலில் கழற்றிவிடப் பழகுகிறான். இதைத் தினமும் சாயங்காலம் செய்கிறான். கடற்கரை மணலில் பந்து தானாக உருளாது, ஒவ்வொரு பாஸையும் எடை பார்த்து அடிக்க வேண்டும் என்பது கூடுதல் லாபம்.

மதுரைக்குப் பெருமை இல்லாமல் இல்லை. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்ற சேது எஃப்சி நம்ம ஊர் கிளப். ஆனால் அந்த அணியின் இந்துமதி கடலூர், சபித்ரா பண்டாரி நேபாளம். கிளப் இருக்கும் ஊர் வேறு, பிள்ளை வளர்ந்த ஊர் வேறு. கிளப்பை நடத்திக் காட்டிவிட்டோம், பத்து வயதுப் பிள்ளைகள் தினமும் ஆடிப் பழகும் தெருதான் இன்னும் இல்லை.

செம்மண்:
அந்தத் தெருவை உண்டாக்க முடியும் தம்பி. நம்ம பக்கம் பெரிய தடை நாக்-அவுட் டோர்னமென்ட். 16 டீம் வந்தால் மொத்தமே 15 மேட்ச், 8 டீம் ஒரே மேட்ச்சோடு பஸ் ஏறுகிறது. தோற்கக் கூடாது என்று கோச்சும் உயரமான பையனைப் பின்னால் நிறுத்தித் தூக்கி அடிக்கச் சொல்கிறார். பத்து வயதில் அதைப் பழகியவன் பதினாறில் பந்தைக் காலில் வாங்கவே தடுமாறுவான்.

பதிலுக்கு லீக் வையுங்கள். 8 டீம், ஒவ்வொருவரோடும் இரண்டு முறை என்றால் ஒவ்வொரு டீமுக்கும் 14 மேட்ச். 60-க்கு 40 மீட்டர் இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டு 30-க்கு 20 என்று நாலாகப் பிரித்தால் ஒரே நேரத்தில் நாலு மேட்ச், பக்கத்துக்கு நாலு பேராக 32 பிள்ளைகள் ஆடலாம். கோல்கீப்பர் வேண்டாம், இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்பு வைத்தால் அதுவே கோல். எட்டு நிமிடமாக நாலு பகுதி, எல்லோருக்கும் சம நேரம். ஜூன் நடுவில் தொடங்கி ஞாயிறு தோறும் ஒரு சுற்று போனால் காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் முடிந்துவிடும், ஐப்பசி மழையிலும் மாட்டாது.

தொடுகோட்டில் நின்று பெற்றோர் "அடி, அடி" என்று கத்துவதை முதல் வாரமே நிறுத்தச் சொல்லுங்கள். பையன் தலை நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு நொடி அதில்தான் போகிறது.

வைகைக்கரை:
நன்றிண்ணே. நம்ம மைதானம் சித்திரையில் சிமென்ட் மாதிரி ஆகிவிடுகிறதே, பந்து முழங்காலுக்கு மேலே குதிக்கிறது. அதற்கு என்ன செய்ய? செலக்‌ஷனில் சின்னப் பையன்கள் ஒதுக்கப்படுவதற்கும் வழி சொல்லுங்கள்.

செம்மண்:
முதலில் பந்தின் அளவு நம்பர். எட்டு வயது வரை 3, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 4, அதற்கு மேல் 5. சின்னவனிடம் 5-ஐக் கொடுத்தால் உள்காலால் அடிக்காமல் விரல் நுனியால் குத்தப் பழகிவிடுவான். பந்தின் காற்றழுத்தம் விதிப்படி 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை இருக்கலாம். காய்ந்த தரைக்குக் கீழ் எல்லையிலேயே வையுங்கள், பம்ப்போடு அழுத்தம் பார்க்கும் மானியும் வாங்குங்கள். முடிந்தால் ஃபுட்சால் பந்து. அளவு 4, குதிப்பு குறைவு. ஷூவில் நீளமான ஸ்டட் வேண்டாம், அடியில் சின்னச் சின்ன ரப்பர் முனைகள் உள்ள டர்ஃப் ஷூ போதும். பத்திலிருந்து பதின்மூன்று வயதுக்குள் குதிகால் வலி என்று பிள்ளை சொன்னால் ஓட்டத்தைக் குறையுங்கள், அது பெரும்பாலும் வளரும் எலும்பின் வலி.

திருமங்கலம் பக்கக் கரிசலில் வெடிப்பு விழுந்தால் கணுக்கால் போய்விடும், கோடையில் அங்கே ஆடவே வேண்டாம். மேலூர்ச் செம்மண்ணில் முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு, காலையில் ஆறிலிருந்து ஏழரைக்குள் முடித்துவிடுங்கள்.

செலக்‌ஷனில் வயது ஜனவரி 1-ஐ வைத்துப் பார்க்கப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, பன்னிரண்டு வயதில் அந்தப் பதினோரு மாதம் பெரிய வித்தியாசம். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தை எழுதி வையுங்கள். தேர்வானவர்களில் பாதிக்கு மேல் வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்திருந்தால் நீங்கள் திறமையை அல்ல, உயரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பிறந்த தேதியை மாற்றிக் கொடுப்பவர்களையும் சேர்க்காதீர்கள். மேலே போனால் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்ப்பார்கள், அங்கே பையன்தான் வெளியே நிற்பான்.