ஆர்கைவ் ஆன 2 லட்சம் ஃபைல்களை ஸ்கிரிப்ட் போட்டு ரீகால் செய்வது எப்படி?

கேள்வி:
விண்டோஸ் ஃபைல் சர்வரில் பழைய ஃபைல்கள் ஆர்கைவுக்குப் போய், சர்வரில் ஸ்டப் (அசல் ஃபைலைச் சுட்டும் வெற்று ஃபைல்) மட்டும் இருக்கிறது. ஆர்கைவ் மென்பொருளை விரைவில் நிறுத்தப் போகிறோம். அதற்குள் சுமார் 2 லட்சம் ஃபைல்களையும் ரீகால் செய்தாக வேண்டும், அதாவது ஆர்கைவிலிருந்து சர்வருக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். பவர்ஷெல் லூப்பில் ஒவ்வொன்றையும் திறந்து மூடினால் போதுமா? சோதித்தபோது முதலில் கொஞ்சம் வந்தது, பிறகு வரிசையாக ‘ஆக்சஸ் டினைட்’.

பதில் 1:
பெர்மிஷன் சரியாக இருந்தும் நடுவில் அந்த எரர் வந்தால், பெரும்பாலும் ரீகால் லிமிட்தான். வைரஸ் ஸ்கேன் மாதிரி ஏதாவது எல்லாவற்றையும் இழுத்துவிடக் கூடாது என்று, ஒரு யூசர் சில நொடிகளில் இத்தனை ஃபைல்தான் என்ற தடுப்பைப் பல ஏஜென்ட்களில் (சர்வரில் ஓடும் ஆர்கைவ் மென்பொருளின் பகுதி) வைத்திருப்பார்கள். ஸ்கிரிப்ட் ஓடும் அக்கவுன்டுக்கு மட்டும் அதைத் தளர்த்துங்கள்.

முதலில் இடம் பாருங்கள். பவர்ஷெல்லின் கெட்-சைல்டுஐட்டம் கமாண்டில் ரிகர்ஸ், ஃபைல், ஃபோர்ஸ் மூன்றும் கொடுத்து, அட்ரிபியூட்ஸில் ஆஃப்லைன் போட்டால் ஸ்டப்கள் மட்டும் வரும். உள்ளடக்கத்தைத் தொடாததால் இதனால் ரீகால் ஆகாது. லெங்த் பொதுவாக முழு அளவையே காட்டும், டிஸ்கில் பிடித்திருக்கும் இடத்தை அல்ல. எனவே லெங்த்தைக் கூட்டினாலே தேவையான இடம் தெரிந்துவிடும். அதற்கு மேலும் 15 சதவீதமாவது காலியாக இருக்கட்டும். பட்டியலை சிஎஸ்வியில் எழுதி, லூப்பை அதிலிருந்தே ஓட்டுங்கள். பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பதில் 2:
திறந்து மூடுவதை நம்ப வேண்டாம், படிக்க வேண்டும். சில தயாரிப்புகள் முதல் பைட்டைப் படித்ததுமே முழு ஃபைலையும் கொண்டுவரும். சில, கேட்ட பகுதியை மட்டும் தரும். கெட்-ஃபைல்ஹேஷ் ஓட்டுவது நல்ல வழி: கடைசி பைட் வரை படிக்கும், ஹேஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு) லாக்கில் வைத்துக்கொள்ளலாம்.

படித்த பிறகு ஆஃப்லைன் அட்ரிபியூட் (மதிப்பு 4096) போயிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஹேஷ் வந்தும் அது அப்படியே இருந்தால், ஏஜென்ட் டேட்டாவை டிஸ்கில் எழுதாமல் நேராகக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். ஆர்கைவை அணைத்த அன்று அந்த ஃபைல் போய்விடும். அந்த பாஸ்-த்ரூ செட்டிங்கை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். உங்களுடையது அஸூர் ஃபைல் சிங்க் (மைக்ரோசாஃப்ட் கிளவுட் சேவை) என்றால் லூப்பே வேண்டாம், இன்வோக்-ஸ்டோரேஜ்சிங்க்ஃபைல்ரீகால் கமாண்ட் இருக்கிறது.

பதில் 3:
இதற்கெல்லாம் முன்னால் ஆர்கைவ் ஷெட்யூலை நிறுத்துங்கள். ஃபைலின் மாற்றத் தேதி பழையதாகவே இருக்கும், ரீகால் ஆனதை அன்று இரவே திரும்ப ஆர்கைவ் செய்துவிடும்.

டேட்டா டேப்பில் இருந்தால் ஃபோல்டர் வரிசையில் இழுக்காதீர்கள். டேப் முன்னும் பின்னும் ஓடியே நேரம் போகும். மென்பொருளிலிருந்து டேப் வரிசைப் பட்டியல் எடுத்து, ஒரு டேப் டிரைவுக்கு ஒரு ஓட்டம் வையுங்கள். டிஸ்க் ஆர்கைவ் என்றால் பவர்ஷெல் 7-இல் ஃபார்ஈச்-ஆப்ஜெக்டுக்கு பேரலல் கொடுத்து, த்ராட்டில்லிமிட் (ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்ற வரம்பு) 4-இல் தொடங்கிப் பாருங்கள்.

தோற்றவற்றைத் தனி சிஎஸ்வியில் சேருங்கள். அதில் 260 எழுத்துக்கு மேல் பாதை உள்ளவை இருந்தால், அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டிவரும்.