பீரோ நிறைய சேலை, கட்டத்தான் எதுவும் இல்லை. லிஸ்ட் எழுதினால் தெளிவு வருமா?

உறையூர்க்காரி:
திருச்சியில ஒரு பள்ளியில பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கறேன். வேலைக்குச் சேலைதான். பீரோவைத் திறந்தா மேல் தட்டு சரிஞ்சு விழற அளவுக்கு இருக்கு, ஆனா காலையில அவசரத்துல கை போறது அதே நாலஞ்சுக்குத்தான். மிச்சத்துல பாதி நானா எடுத்ததே இல்ல. சீமந்தத்துக்கு வந்தது, கிரகப்பிரவேசத்துக்கு வச்சுக் கொடுத்தது, நாத்தனார் "உனக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்கும்"னு கொண்டு வந்தது. கூட வேலை பார்க்கிற ஒரு டீச்சரைத் தூரத்துல பார்த்தாலே அவங்கதான்னு தெரியும்: பார்டரே இல்லாத காட்டன், கழுத்து ஏறின ப்ளௌஸ், அவ்வளவுதான். எனக்குன்னு அப்படி எதுன்னே தெரியல. இருக்கிறதை எல்லாம் நோட்டுல எழுதிப் பாருன்னு தங்கச்சி சொல்றா. யாராவது செஞ்சிருக்கீங்களா? என்ன எழுதணும்? எக்ஸெல் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

டிரங்குப்பெட்டி:
நான் செய்யறேன்மா, வங்கியில வேலை பார்த்த காலத்துல இருந்தே. நாற்பது பக்க நோட்டு போதும்.

முதல்ல, மொத்த பீரோவையும் கட்டில்ல கொட்டிட்டு உட்காராதே. மத்தியானத்துக்குள்ள இடுப்பு விட்டுரும், பாதியில அள்ளித் திணிச்சுடுவே. கட்டினதை மட்டும் எழுது. அதுவும் காலையில கட்டும்போது இல்ல, சாயங்காலம் அவுக்கும்போது. காலையில கண்ணாடி முன்னாடி எல்லாச் சேலையும் நல்லாத்தான் இருக்கும். பஸ்ல நசுங்கி, நாள் முழுக்க நின்னு பாடம் எடுத்து, வேர்த்து வந்தப்புறம் என்ன தோணுதோ அதை ஒரு வரி எழுது. "சாம்பல் மங்களகிரி. முந்தானையைத் தொடவே இல்ல." "மயில்கழுத்து சிந்தெடிக். வழுக்குது, பின் குத்தின இடம் கிழியுது, சாக்பீஸ் தூள் அப்படியே தெரியுது."

கட்டாததுக்கு வேற பக்கம். கையில எடுத்துட்டுத் திரும்ப வச்சியா, ஏன்னு எழுது. "பிடிக்கல"ன்னு எழுதாதே, அதுல ஒண்ணும் தெரியாது. என் நோட்டுல அந்தப் பக்கத்தைப் படிச்சா சேலை மேல குத்தமே இல்ல, எல்லாம் ப்ளௌஸ் குத்தம்! கைக்குழி பிடிக்குது, டூ பை டூ ப்ளௌஸ் துணி சாயம் போயிடுச்சு, கொக்கி அறுந்திருக்கு. நல்ல தையல்காரரா இருந்தா பக்கத் தையலுக்குள்ள துணி விட்டிருப்பார். ஒரு தையல் பிரிச்சா ஒரு சேலை திரும்பி வந்துடும்.

முக்கியமா, யார் எடுத்ததுன்னும் எழுது. நீயே காசு கொடுத்து எடுத்ததை மட்டும் அப்புறம் தனியாப் படி. எனக்கு அப்படிப் படிச்சப்போ சிரிப்பு வந்துடுச்சு. கோ-ஆப்டெக்ஸ் தீபாவளித் தள்ளுபடியில வருஷா வருஷம் நான் வாங்கி வந்தது எல்லாமே ஒரே ஜாதி: செங்கல், கடுகு, அரக்கு, நடுவுல கட்டம், விரல் அகலத்துக்கு பார்டர். நான் குள்ளம். காரைக்குடி கண்டாங்கிச் சேலையோட கட்டம் உயிர்தான், ஆனா அந்தப் பெரிய பார்டர் எனக்குப் பாதி உயரத்தை முழுங்கிடும். (கண்டாங்கிக்கு 2019லயே புவிசார் குறியீடு வந்தாச்சு, இருந்தும் விசைத்தறித் துணியை அந்தப் பேரைச் சொல்லித் தலையில கட்டற கடை உண்டு. கைத்தறி முத்திரை பார்த்து எடு.)

அரைக்கைச்சட்டை:
சேலை பத்தி எனக்குத் தெரியாதுங்க, சட்டையை எழுதினேன். இளநீலம், அடர்நீலம், நீலக் கோடு, நீலக் கட்டம். வீட்டம்மா, "இதுக்கு நோட்டு வேற வேணுமா, கொடியைப் பார்த்தாலே தெரியுதே"ன்னாங்க. ஆனா விலைக்குப் பக்கத்துல எத்தனை தடவை போட்டோம்னு கோடு போட்டுட்டு வாங்க. 900 ரூபாய் காட்டனை முப்பது தடவை உடுத்தினா ஒரு தடவைக்கு 30 ரூபாய். 6,000 ரூபாய்க்கு எடுத்து ரெண்டே தடவை கட்டினா 3,000. கடையில கை நீளும்போது இது நல்லா ஞாபகம் வரும்.

புதினாச்சட்னி:
எனக்கு இதுல முழுச் சம்மதம் இல்ல. லிஸ்ட் நம்ம பழக்கத்தைக் காட்டும், ரசனையைக் காட்டுமா? எனக்கு மஞ்சள்னா கொள்ளை ஆசை. ஆனா "உன் நிறத்துக்கு மஞ்சள் எடுபடாது"ன்னு கேட்டே வளர்ந்ததால பீரோவுல பூரா சாம்பலும் பழுப்பும்தான். எழுதினா அதுதானே என் ஸ்டைல்னு வரும்?

டிரங்குப்பெட்டி:
நியாயமான கேள்வி. அதுக்குத்தான் ரெண்டாவது பக்கம். கடையில மஞ்சளைத் தொட்டுட்டு விட்டாலும் அதுல எழுது. காரணம் "எடுபடாது"ன்னு வந்தா, சொன்னது யாருன்னும் பக்கத்துல எழுது. உன் பேரைத் தவிர மத்த எல்லாப் பேரும் அங்கே இருக்கும். மாம்பழ மஞ்சள்ல ஒரு காட்டன் எடுத்து, ஞாயித்துக்கிழமை காய்கறி வாங்கக் கட்டிட்டுப் போ. முதல் தடவையே ஆபீஸ் வேண்டாம், அங்கே ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க.

உறையூர்க்காரி:
அரையாண்டு லீவு முடிஞ்சு வந்திருக்கேன். நான் கலர்தான் பிரச்சினைன்னு நினைச்சுட்டு இருந்தேன் அக்கா, நோட்டுல கலர் பேச்சே காணோம். திரும்பத் திரும்ப வந்தது "மொடமொட". கஞ்சி போட்ட சேலை எதுவும் எனக்கு ஆகல. கொசுவம் விரிஞ்சு நிக்குது, லேப்ல பர்னர் எரியறப்போ முந்தானையை இடுப்புல சொருகினா நிக்க மாட்டேங்குது. நல்ல மார்க் வாங்கினது எல்லாம் துவைச்சுத் துவைச்சு நைஞ்ச மதுரை சுங்குடி. புள்ளி, சின்ன பார்டர், முழங்கை வரைக்கும் ப்ளௌஸ். அந்த மாதிரி இன்னும் ரெண்டு எடுக்கலாம்னு இருக்கேன். புதுசும் மொடமொடன்னுதானே இருக்கும்? அப்புறம் மாமியார் கொடுத்த அரக்குப் பட்டு ரெண்டு பக்கத்துலயும் வரவே இல்ல, அதை என்ன பண்றது?

டிரங்குப்பெட்டி:
புதுச் சுங்குடியைக் கல்லுப்பு போட்ட தண்ணியில தனியா ஊற வச்சு அலசி, நிழல்ல காயப் போடு. வேற துணியோட சேர்த்துடாதே, சாயம் இறங்கும். நாலு துவையல்ல கஞ்சி விறைப்பு போயிடும். முதல் துவையல்ல கொஞ்சம் சுருங்கும், அதனால துவைச்சப்புறம் ஃபால்ஸ் தை.

பட்டை நோட்டுல சேர்க்காதே, அது கல்யாணம் காட்சிக்கு. ஜரிகை மடிப்புல ஒடியாம அப்பப்போ பிரிச்சு மடிப்பை மாத்தி வை, பழைய வேட்டியில சுத்தி வை. அந்தம்மா வர்ற அன்னைக்குக் கட்டிக்கோ, போதும்.