அப்பாவின் முதல் திதிக்கு எழுதும் குறிப்பில் கிரிக்கெட்டும் வரலாமா?

பெரம்பூர்வாசி:
அடுத்த மாதம் அப்பாவின் முதல் வருஷத் திதி. நினைவு அட்டைக்கு நான்தான் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை, மூன்று பிள்ளைகள், ஒரு நாள்கூட வீட்டில் குரல் உயர்த்தாத மனுஷன். இதெல்லாம் எழுதிவிட்டேன். ஆனால் கிரிக்கெட் இல்லாமல் அவர் அவராகவே தெரியவில்லை. அண்ணன், "திதி அட்டையில் அதெல்லாம் எதுக்குடா" என்கிறான்.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியா டெஸ்ட், ஐந்து நாளுக்கும் டிக்கெட் வாங்கியிருந்தார். டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்ததை நேரில் பார்த்தவர். ஐந்தாம் நாள் காலையில் அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. டிக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்றைக்குத்தான் இரண்டு அணியும் சரிசமமாக ரன் எடுத்து ஆட்டம் டை ஆனது, அன்றைக்குத்தான் நான் பிறந்தேன். டெஸ்ட் வரலாற்றில் டை ஆனது இரண்டே ஆட்டங்கள், 1960இல் பிரிஸ்பேன், அப்புறம் இது. ஒரு தடவைகூட அவர் வருத்தப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

இதை எழுதலாமா? அவர் ஸ்கோர் எழுதிவைத்த நோட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது?

மேற்குமாம்பலம்:
கட்டாயம் எழுதுங்கள். "விளையாட்டு ஆர்வலர்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள், இந்தச் சம்பவத்தையே போடுங்கள். என் அப்பா 1999 ஜனவரியில் பாகிஸ்தான் டெஸ்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். சச்சின் முதுகுவலியோடு 136 அடித்து அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான் தேவை, கையில் மூன்று விக்கெட், ஆனாலும் 12 ரன்னில் தோற்றோம். நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பா என் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, "நல்லா ஆடினவங்களுக்குக் கை தட்டணும்" என்றார். மொத்த மைதானமும் எழுந்து நின்று தட்டியது, வாசிம் அக்ரம் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது, அவரை நினைத்தாலே தோளில் அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.

கௌரி அக்கா:
தம்பி, அம்மாவிடம் கேட்டீர்களா? அண்ணனும் நீங்களும் பேசி முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது. எங்கள் வீட்டுக்காரர் ரேடியோவில் அப்துல் ஜப்பார் வர்ணனை கேட்டுக்கொண்டே எனக்குக் காய் நறுக்கித் தருவார். பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. அம்மாவிடம்தான் இப்படிப்பட்டதெல்லாம் இருக்கும்.

பழையதாள்:
நோட்டுகளைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், அப்புறம் திரும்ப எடுக்கவே முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம், சில வருஷத்தில் மஞ்சளாகிக் கறை பிடித்துவிடும். ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். லாஃப்ட்டில் போட வேண்டாம், சூடும் கரப்பானும் சேர்ந்து தின்றுவிடும்.

பெரம்பூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. கௌரி அக்கா, நேற்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, எந்த நோட்டு என்று தேடாமலே எடுத்தார். நான்காம் நாள் வரைக்கும் ஒழுங்காக இருக்கிறது, ஆஸ்திரேலியா 5 விக்கெட்டுக்கு 170. ஐந்தாம் நாளுக்குக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார், இந்தியா 347 எடுத்ததையோ, மனிந்தர் கடைசியில் எல்பிடபிள்யூ ஆனதையோ பிற்பாடுகூட எழுதவில்லை. கட்டத்தின் நடுவில் பென்சிலில், "மாலை 4.10. பையன். 2 கிலோ 900. இருவரும் நலம்."

அண்ணனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தான். அட்டையின் பின்பக்கத்தில் அந்தப் பக்கத்தை அப்படியே அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம்.